கேள்வி – பதில்: விலாசம் மாற்றிக்கொள்ளும் கைப்பேசிகள்

சென்ற மாதம் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, கைப்பேசியின் வைஃபை அமைப்பில் உள்ள ‘தனிப்பட்ட முகவரி’ வசதியை (சாதனத்தின் உண்மை எண்ணுக்குப் பதில் வேறோர் எண்ணை வலைக்குக் காட்டுவது) அணைக்காமல் வைத்திருப்பதே நல்லது என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலானவை காரைக்குடியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. நானும் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் உரிமையோடு கேட்டிருக்கிறார்கள். எனவே இம்மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, சாதனங்கள் தம் அடையாளத்தை மறைப்பதும் மாற்றுவதும் சரியா என்ற இந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

எங்கள் விடுதியில் ஒரு மாணவிக்கு இரண்டு சாதனங்களுக்கு மட்டுமே வைஃபை அனுமதி உண்டு. அவற்றின் மேக் முகவரியை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். என் அறைத்தோழி கைப்பேசியையும் டேப்லெட்டையும் பதிவு செய்துவிட்டாள். மடிக்கணினிக்கு இடமில்லாததால், மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போயிருக்கும் இன்னொரு மாணவியின் மடிக்கணினி முகவரியைத் தன்னுடையதில் போட்டு இணைத்துக்கொண்டாள். “கைப்பேசிக் கம்பெனிக்காரனே முகவரியை மாற்றுகிறான், நான் மாற்றினால் மட்டும் தப்பா?” என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– கல்லூரி மாணவி, காரைக்குடி

உங்கள் தோழியின் கேள்வி கெட்டிக்காரத்தனமானது. அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேக் முகவரி என்பது வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்து அனுப்பும் 48 பிட் எண். அதை இரண்டிரண்டாகப் பிரித்து 12 இலக்கங்களாக எழுதுவார்கள்; 0 முதல் 9 வரையான எண்களோடு ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் இதில் இலக்கங்களே. முதல் பாதி, ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு அந்த நிறுவனத்துக்கு ஒதுக்கியது. மறுபாதியை நிறுவனம் தன் சாதனங்களுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் இணையதளத்துக்கு இந்த எண் போவதில்லை. உங்கள் விடுதியின் ரூட்டரோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஒரே காற்றில் ஐம்பது பேர் கேட்டதற்கான பதில்கள் வந்து இறங்கும்போது, எது யாருக்கு உரியது என்று பிரித்துக் கொடுக்க ஏற்பட்டதே அது.

நம் ஊர் வீடுகளில் அண்டா, தவலை, தாம்பாளம் எதை எடுத்துப் பார்த்தாலும் விளிம்பில் அந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த அந்த விலாசத்தைப் பெருமைக்காக மட்டும் வெட்டவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பத்து வீட்டுப் பாத்திரங்கள் இரவல் வந்து ஒன்றாகக் கிடக்கும்போது, மறுநாள் எந்த அண்டா எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்த எழுத்துதான் சொல்லும். மேக் முகவரியும் ஏறக்குறைய இதே காரியத்துக்காக வந்ததுதான்.

பிறகு அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வைஃபை திறந்திருக்கும் கைப்பேசி, எங்கும் இணையாவிட்டாலும், அருகில் தெரிந்த வலை ஏதும் உண்டா என்று அடிக்கடி குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது தன் எண்ணையும் சேர்த்தே சொல்லும். 2013இல் லண்டன் நகர மையத்தில் விளம்பரத் திரை பொருத்திய சில குப்பைத் தொட்டிகள், பக்கத்தில் நடந்துபோனவர்களின் கைப்பேசிகள் சொல்லும் மேக் எண்களை இப்படிக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தது வெளியே வந்து, நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. குப்பைத் தொட்டிக்கு நாம் வந்துபோன கணக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. 2014இல் வந்த, ஐஃபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 8, இப்படித் தேடும்போது சொல்லும் எண்ணைப் பொய்யெண்ணாக மாற்றியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, இணையும்போதும் வலைக்கு ஒரு பொய்யெண்ணைக் கொடுக்கத் தொடங்கியது. 2020இல் ஐ.ஓ.எஸ். 14 அவ்வாறே செய்தது. கம்பெனிக்காரன் மாற்றுகிறான் என்று உங்கள் தோழி சொல்வது இதைத்தான்.

ஆனால் கம்பெனிக்காரன் எதை மாற்றுகிறான் என்பதை அவர் கவனிக்கவில்லை. கைப்பேசி உருவாக்கும் எண் எந்தச் சாதனத்துக்கும் தொழிற்சாலையில் கொடுக்கப்பட்டது அல்ல. அது மட்டுமல்ல, அந்த 48 பிட்டுகளில் ஒரு பிட், ‘இது தொழிற்சாலை எண் அல்ல, இந்த இடத்தில் வைத்துக்கொண்டது’ என்று அறிவிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் இத்தகைய முகவரிகளில் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாகவே இருக்கும். உங்கள் கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். முக்காடு போட்டிருப்பதைச் சொல்லிவிட்டு முக்காடு போடுவதில் வஞ்சகம் கிடையாது.

உங்கள் தோழி முக்காடு போடவில்லை. இன்னொருத்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லி உள்ளே போயிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு இந்த மடிக்கணினியில் என்ன நடந்தாலும், விடுதிப் பதிவேட்டில் அது காமாலையோடு வீட்டில் படுத்திருக்கும் பெண்ணின் பெயரில்தான் ஏறும். நாளை ஒரு விசாரணை வந்தால், ‘நான் ஊரிலேயே இல்லை’ என்று நிரூபிக்கும் பாரம் அவள் தலையில் விழும். அவள் குணமாகித் திரும்பித் தன் மடிக்கணினியைத் திறந்தால், ஒரே எண்ணோடு இரண்டு சாதனங்கள் ஒரே வலையில் இருக்கும். எந்தப் பதில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருவருக்கும் இணைப்பு விட்டு விட்டு வரும். காரணம் என்னவென்று அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரை புரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, இன்னொருவரின் கடவுச்சொல்லையோ தனி அடையாளக் கூறையோ நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஒரு மடிக்கணினியின் எண், அதன் உடைமையாளரின் தனி அடையாளம் ஆகுமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அந்த வாதத்துக்கு நாமே ஓர் உதாரணமாக நிற்க வேண்டாம்.

விலாசம் மாறவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டும்போது, அதாவது தத்தெடுக்கும்போது, ஒரு வீட்டுப் பையன் இன்னொரு வீட்டு விலாசத்துக்கு மாறிவிடுகிறான். இரு வீட்டாரும் ஒப்பி, பங்காளிகள் கூடியிருக்க, எல்லாருக்கும் தெரிய அது நடக்கிறது. ஊருக்குப் போயிருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டு, காப்பாளரிடமும் சொல்லி, அவள் வரும்வரை அந்த இடத்தைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்டிருந்தால் உங்கள் தோழியின் மீது எனக்கு எந்தக் குறையும் இருந்திருக்காது. மடிக்கணினி இல்லாமல் இன்று எந்த மாணவியும் படிக்க முடியாத நிலையில், இரண்டே சாதனம் என்ற விதி பழசாகிப்போன விதிதான். அதை மாற்றச் சொல்லி நீங்கள் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுங்கள்.

காப்பாளரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். உடனே வேண்டாம். முதலில் தெரிய வேண்டியவள், யாருடைய எண்ணோ அந்தப் பெண். அவளிடம் தோழியே சொல்லட்டும். ஒரு வாரத்தில் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

பூர்வீக வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்தும் இடத்தில் மேலாளராக இருக்கிறேன். சுவர்களின் கனத்தால் சிக்னல் போகாது; முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று என மூன்று வைஃபை கருவிகள் வைத்திருக்கிறோம். ஒரு சாதனத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் இலவசம். இப்போது சில விருந்தினர்கள் ‘தனிப்பட்ட முகவரி’யை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப இலவச நேரம் எடுக்கிறார்கள். தொழிற்சாலை எண் இல்லாத கைப்பேசிகளையே வலையில் சேர்க்காதே என்கிறார் முதலாளி. செய்யலாமா?
– கானாடுகாத்தான்

செய்ய முடியும், நான் மேலே சொன்ன அந்த இரண்டாவது இலக்கத்தை வைத்துத் தடுக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. உங்கள் வலை, உங்கள் நிபந்தனை, அதில் தவறில்லை. ஆனால் செய்தால் முதலாளிக்குக் கிடைக்கப்போவது, எதற்கு இணையவில்லை என்று தெரியாமல் அறைக்கு அறை மணியடிக்கும் விருந்தினர்கள்தான். இன்று விற்கும் கைப்பேசிகளில் அந்த வசதி தானாகவே இயங்கியபடிதான் வருகிறது. அப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு ஒரு வலைக்கு ஓர் எண் என்று கொடுத்து, வழக்கமாக அதையே வைத்துக்கொள்கிறது, ஐ.ஓ.எஸ். 18இல் ‘சுழலும்’ முகவரியைத் தேர்ந்தாலும் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மாறும். இரண்டு இரவு தங்குகிறவரின் எண் நடுவில் தானாக மாறியிருக்க வாய்ப்புக் குறைவு. எனவே வேண்டுமென்றே மாற்றுகிறவர்கள் சிலர் உங்களிடம் இருப்பது உண்மையாக இருக்கலாம். அவர்கள் செய்வது சிறிய திருட்டு, சந்தேகமில்லை. இரண்டு மணி நேரம் என்று படித்து, ஒப்புக்கொண்டு, ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் செய்கிறார்கள். எண்ணை மாற்றியது ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்த சம்மதத்தை மீறியதுதான் அங்கே குற்றம். எண்ணையே தொடாமல், மனைவியின் கைப்பேசியில் தொடர்ந்து பார்த்திருந்தாலும் உங்களுக்கு அதே இரண்டு மணி நேரம்தான் நஷ்டம். அதை நீங்கள் திருட்டு என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஏன் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று யோசித்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியும். நீங்கள் கணக்கெடுக்க நினைத்தது ஆளை, எண்ணியது கருவியை. நம் கோயில்களில் வரி போடும்போது புள்ளிக் கணக்கில் போடுகிறார்கள். திருமணமானவர் ஒரு புள்ளி. ஒரே வளவுக்குள் அண்ணன் தம்பி மூவர் குடும்பத்தோடு இருந்தால் மூன்று புள்ளி. வீடு எவ்வளவு பெரியது, தூண் எத்தனை என்று எண்ணுவதில்லை. எண்ண வேண்டியது எது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள் என்பதால், தூணை மறைத்து வரியைக் குறைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

நீங்களும் அறையை எண்ணுங்கள். வரவேற்பில் விருந்தினரின் பெயரையும் அடையாளச் சான்றையும் ஏற்கெனவே வாங்குகிறீர்கள். வெளிநாட்டவர் வந்தால் அவரைப் பற்றிய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும் அனுப்புகிறீர்கள். அவர் யார் என்பது பதிவேட்டில் கிடக்கும்போது, அவர் கைப்பேசியைத் தனியே விசாரிக்க என்ன இருக்கிறது? அறைச் சாவி கொடுக்கும்போதே அந்த அறைக்கான வைஃபை கடவுச்சொல் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து, இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை ஜிபி என்று அதன்மேல் கட்டுங்கள். அறையில் உள்ளவர் அதைத் தொழிற்சாலை எண்ணோடு பயன்படுத்தினாலும், புது எண்ணோடு பயன்படுத்தினாலும் கணக்கு மாறாது.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கருவிகள் வைத்திருக்கிறீர்கள். எந்தக் கைப்பேசி எப்போது வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போனது என்ற குறிப்பு அவற்றில் சேர்ந்துகொண்டே இருக்கும். யார் எந்த நேரத்தில் எந்த அறைப் பக்கம் போனார் என்பதை ஒரு பையன் டேப்லெட்டில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம் என்பது விருந்தினருக்குத் தெரியாது. விருந்தினரின் கைப்பேசி தன் மேக் எண்ணை மறைப்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும் அளவுக்கு, அந்தக் குறிப்பு உங்களிடம் கிடப்பது அவருக்கு எரிச்சலாக இருக்கும். தேவைப்படும் காலத்துக்கு மேல் அதை வைத்திருக்காமல் அழித்துவிடச் சொல்லுங்கள்.

இரவு பத்து மணிக்குமேல் என் மகனின் போனுக்கு இணையம் வராதபடி ரூட்டரில் அதன் மேக் எண்ணைப் போட்டுத் தடுத்திருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். உங்கள் பத்தியைப் படித்துவிட்டோ என்னவோ, முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்க்கிறான். இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– தேவகோட்டை

என் பத்தியைப் பத்தாம் வகுப்புப் பையன் படிக்கிறான் என்றால் முதலில் மகிழ்ச்சி. பொய்தான், ஆனால் நீங்கள் வைத்ததும் பூட்டு அல்ல. மேக் எண், கடவுச்சொல் போட்ட வைஃபையிலும் மறைக்கப்படாமல்தான் காற்றில் போகிறது. அதை வைத்துத் தடுப்பது, முன்வாசலைச் சாத்திவிட்டு அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசலை மறந்ததுபோல. தெரிந்த எண்களை மட்டும் அனுமதித்து மற்ற எல்லாவற்றையும் மறுக்கும்படி அமைப்பை மாற்றினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பத்து மணிக்கு ரூட்டரையே அணைத்துவிட்டு நீங்களும் பார்க்காமல் படுத்தால் அதைவிட நெடுநாள் தாங்கும்.

ஆரன் ஸ்வார்ட்ஸ் தன் மடிக்கணினியின் மேக் முகவரியை மாற்றியதும் அவர்மேல் வந்த வழக்கில் ஓர் அம்சமாக இருந்தது. அறிவைப் பொதுவாக்க நினைத்தவர் அதைச் செய்தது தவறா? உங்கள் கருத்து என்ன?
– ஆய்வு மாணவர், காரைக்குடி

வழக்கு அறியாதவர்களுக்காகச் சுருக்கம். ஆரன் ஸ்வார்ட்ஸ் அமெரிக்க இளைஞர், நிரலாளர், அறிவுப் பகிர்வுக்காகப் போராடியவர். 2010 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. வளாகத்தின் விருந்தினர் வலையில் தன் மடிக்கணினியை இணைத்து, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து கட்டுரைகளை நிரல் மூலம் மொத்தமாக இறக்கத் தொடங்கினார். ஜேஸ்டோர் அவருடைய ஐ.பி. முகவரியை (இணையத்தில் சாதனத்தைக் குறிக்கும் எண்) தடுத்தது, அதை மாற்றிக்கொண்டார். எம்.ஐ.டி. மேக் முகவரியைத் தடுத்தது, அதையும் மாற்றிக்கொண்டார். பின்னர் ஒரு கட்டடத்தின் கம்பி இணைப்பு அறைக்குள்ளேயே மடிக்கணினியை மறைத்து வைத்தார். மொத்தம் 40 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள். 2011 ஜனவரியில் கைது. ஜூலையில் கூட்டாட்சிக் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு அது 13 பிரிவுகளாக வளர்ந்தது. 2013 ஜனவரி 11 அன்று, விசாரணை தொடங்கும் முன்பே, தம் 26ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார்.

என் கருத்தை இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல முடியும். மேக் முகவரியை அவர் மாற்றியது, குப்பைத் தொட்டிக்கு அஞ்சி மாற்றுகிறவரின் செயலோடு ஒன்றல்ல. அவர் வந்தபோது கதவு திறந்திருந்தது. விருந்தினருக்கும் ஜேஸ்டோர் கிடைத்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘போதும்’ என்று வீட்டுக்காரர் ஒருமுறை கையமர்த்திய பிறகு வேறு விலாசத்தோடு திரும்ப வந்து நின்றது, அந்தச் சொல்லைக் கேட்காததுபோல் நடித்தது. அந்த வலையைப் பயன்படுத்திய மற்ற விருந்தினர்களும் எம்.ஐ.டி.யின் ஆய்வாளர்களும் அதனால் பாதிக்கப்பட்டார்கள்; ஜேஸ்டோர் சில நாட்களுக்கு எம்.ஐ.டி. முழுவதற்குமே இணைப்பைத் துண்டித்தது. மறுப்பதற்கு முன் மறைப்பதும், மறுத்த பின் மறைப்பதும் வேறு வேறு. நோக்கம் உயர்ந்ததாக இருந்தாலும் இந்த வேறுபாடு மறைந்துவிடாது. அவர் அதை முகத்துக்கு நேராக, ‘ஆம், உங்கள் விதியை மீறுகிறேன், ஏனென்றால்...’ என்று சொல்லிச் செய்திருந்தால் என் மதிப்பீடு வேறாக இருந்திருக்கும். உப்பு அள்ளப் போனவர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை எல்லாரும் பார்க்க நடந்தே போனார்கள்.

இரண்டாவது, அரசு வழக்கறிஞர்கள் செய்தது. ஜேஸ்டோர், தரவைத் திரும்பப் பெற்றதோடு தனக்கு வேறு கோரிக்கை இல்லை என்று விலகிக்கொண்டது. பாதிக்கப்பட்டவர் விலகிய பிறகும், எண்ணை மாற்றியதையும் இணைப்பு அறைக்குள் மடிக்கணினியை வைத்ததையும் கணினி மோசடியின் முழுக் கனத்தோடு ஓர் இளைஞன் மேல் ஏற்றியதற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை. விதியை மீறிய ஒருவரை வலையிலிருந்து நீக்கலாம், வளாகத்துக்குள் வராதே எனலாம், இழப்பீடு கேட்கலாம். இவற்றில் எதுவும் போதாது என்று நினைத்ததுதான் அந்த வழக்கின் பிழை. 2011 செப்டம்பரில், பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய கட்டுரைகளை, அமெரிக்காவில் 1923க்கும் மற்ற நாடுகளில் 1870க்கும் முந்தியவற்றை, ஜேஸ்டோர் தானே எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது என்பதையும் ஆய்வு மாணவரான நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். பழைய போன் ஒன்றை எடுத்து வந்த ஒருவர், “சும்மா ஐ.எம்.இ.ஐ. நம்பரை மட்டும் மாத்திக் கொடு, இரண்டாயிரம் தர்றேன்” என்கிறார். மேக் மாற்றுவது தப்பில்லை என்றால் இது மட்டும் ஏன் தப்பு?
– செஞ்சை, காரைக்குடி

தம்பி, அந்த இரண்டாயிரத்தைத் தொடாதீர்கள். அவர் மறுபடி வந்தால் கடைக்குள் உட்கார வைத்துப் பேசவும் வேண்டாம்.

மேக் எண்ணின் வேலை ஒரு வளாகத்தின் வலைக்குள் முடிந்துவிடுகிறது. 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணோ, தொலைபேசி வலை முழுவதும் அந்தக் கருவியை அடையாளம் காண்பது; திருட்டுப் போன கைப்பேசியை நாடு முழுதும் முடக்குவதற்கு இருக்கும் ஒரே பிடி அது. அதை மாற்றித் தருகிறவர், திருடனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் பாலம் போடுகிறார். மறைப்பதால் பாதுகாக்கப்படுவது அந்த ஆள் அல்ல, அந்தத் திருட்டு. ஐ.எம்.இ.ஐ. இல்லாத கைப்பேசிகளுக்கு இணைப்பு தருவதை இந்தியா 2009 டிசம்பரிலேயே நிறுத்தியது. அப்போது சந்தையில் மலிவாகக் கிடைத்த போன்கள் பல ஒரே நாளில் ஊமையானது உங்கள் கடையின் மூத்தவருக்கு நினைவிருக்கும். 2017இல் எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கத் தனி விதிகள் வந்தன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு இது பெரிய விலை.

உங்கள் தொழிலில் நேர்மையாகவே எண் மாறும் சமயமும் உண்டு. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை எரிந்து அதை மாற்றினால், புதுப் பலகையின் எண்ணே இனி அந்தப் போனின் எண். அப்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் ரசீதில் எழுதி, ஒரு நகலைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய போன் விலைக்கு வந்தால், *#06# அழுத்தி வரும் எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், ‘கே.ஒய்.எம்.’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், முடக்கப்பட்டதா என்று பதில் வரும். அனுப்பிப் பார்க்காமல் வாங்கிவிட்டு, பிறகு தெரியாமல் வாங்கியதாகச் சொன்னால் காவல் நிலையத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் கேபிள் இணைய அலுவலகத்தில் பழைய ரூட்டரின் மேக் நம்பரோடுதான் இணைப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள். புது ரூட்டர் வாங்கினோம், நெட் வரவில்லை. போன் செய்தால், “ஆச்சி, பழைய நம்பரைப் புதுசுல குளோன் பண்ணிக்கங்க, வந்துரும்” என்கிறான் அந்தப் பையன். பேரன் செய்து கொடுத்தான், வந்துவிட்டது. உங்கள் பேச்சைக் கேட்டபிறகு இதுவும் ஆள்மாறாட்டமோ என்று பயமாக இருக்கிறது.
– பள்ளத்தூர்

பயப்பட வேண்டாம், ஆச்சி. பழைய ரூட்டரும் உங்களுடையது, அதன் எண்ணும் உங்களுடையது, அதைக் கேட்டுக்கொள்கிறவர்களே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஏமாந்தவர் யார்? ரங்கூனிலும் பினாங்கிலும் கடை பார்த்த முகவர்கள், ஊரில் இருக்கும் முதலாளியின் விலாசத்தில்தான் பற்று வரவு எழுதினார்கள். அதை யாரும் ஆள்மாறாட்டம் என்று சொன்னதில்லை. எண்ணை நகலெடுக்கும் குளோன் என்ற அந்த வசதியை ரூட்டர் தயாரிக்கிறவர்களே இந்தக் காரியத்துக்காகத்தான் வைத்து அனுப்புகிறார்கள்.

ஒன்று மட்டும் பேரனிடம் சொல்லி வையுங்கள். பழைய ரூட்டரைப் பரணில் போட்டு வைத்து, ஆறு மாதம் கழித்து மாடியில் சிக்னல் வரவில்லை என்று அதை எடுத்து அதே வீட்டு வலையில் சேர்த்தால், இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு முட்டிக்கொள்ளும். அடுத்தமுறை கேபிள்காரப் பையன் வீட்டுக்கு வரும்போது, புது ரூட்டரின் சொந்த எண்ணை அவர்கள் கணக்கில் ஏற்றச் சொல்லிவிட்டு, குளோனை எடுத்துவிடுங்கள். அந்த எண் ரூட்டரின் அடியில் வெள்ளைச் சீட்டில் அச்சடித்திருக்கும். எழுத்து பொடியாக இருக்கும், வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.